மீன்காட்சியகத்தில் தன்னார்வ முக்குளிப்பவராகச் சேர விரும்புகிறேன்: அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்

கரையோரன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 47 வயது. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஸ்கூபா கற்றுக்கொண்டு, பின்னர் அடுத்த நிலையான அட்வான்ஸ்டு ஓப்பன் வாட்டர் சான்றிதழும் பெற்று, இதுவரை 38 முறை கடலில் இறங்கியிருக்கிறேன். பெரிய மீன்காட்சியகங்களின் தொட்டிகளுக்குள் வேலை செய்பவர்களில் பலர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள் என்பது அண்மையில்தான் எனக்குத் தெரியவந்தது. அன்று முதல் இதே நினைவாக இருக்கிறேன். விடுமுறையில் கடலுக்குப் போய் ஒரு மீனை ஒருமுறை கண்டு திரும்புவது வேறு. அதே மீனை வாரந்தோறும் பார்த்து, அதன் பசியையும் பழக்கத்தையும் அறிந்துகொள்வது வேறு. எனக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

விண்ணப்பிக்கும் முன் இதில் பழகியவர்களிடம் சிலவற்றைக் கேட்டுவிட விரும்புகிறேன். 38 முக்குளிப்புகள் போதுமா? தண்ணீருக்குள் உண்மையில் என்ன வேலை தருவார்கள்? நான் கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி அணிபவன்; அதுவும் வயதும் தடையாகுமா?

பவளத்திட்டு

வணக்கம், கரையோரன். நான் பதினோரு ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருகிறேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எண்ணிக்கையைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். ஒவ்வொரு நிறுவனமும் ஒரு குறைந்தபட்ச எண்ணிக்கையை வைத்திருக்கும். அதை விண்ணப்பத்திலேயே சொல்லிவிடுவார்கள். 38 போதாத இடமும் உண்டு, போதும் என்கிற இடமும் உண்டு. ஆனால் தேர்வு நாளில் அவர்கள் பார்ப்பது உங்கள் குறிப்பேட்டை அல்ல, உங்கள் முழங்காலையும் காலில் மாட்டிய துடுப்பையும்தான். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கையை அசைக்காமல், மணலைக் கிளப்பாமல் ஐந்து நிமிடம் நிற்க முடிகிறதா என்று பார்ப்பார்கள். திறந்த கடலில் ஒரு முழம் மேலே போனாலும் கீழே போனாலும் யாருக்கும் நட்டமில்லை. தொட்டியில் பின்னால் பவளம் இருக்கும், தலைக்கு மேலே திருக்கை போகும், முன்னால் அக்ரிலிக் சுவர் இருக்கும். அங்கே சிலிண்டர் எதில் இடிக்கிறது என்பதைத் திரும்பிப் பார்க்காமலேயே உணர வேண்டும்.

சான்றிதழைப் பொறுத்தவரை, மீட்பு முக்குளிப்புப் பயிற்சியான ரெஸ்க்யூ டைவர் படிப்பை இப்போதே முடித்துவிடுங்கள். கட்டாயம் இல்லாத இடத்திலும் அது உங்களை முன்வரிசையில் நிறுத்தும். அதோடு இதயத்துடிப்பு நின்றவரை மீட்கும் சி.பி.ஆர். முதலுதவி, அவசரகால ஆக்சிஜன் கொடுக்கும் பயிற்சி, மருத்துவரின் உடல்தகுதிச் சான்று ஆகியவையும் வேண்டியிருக்கும். சில காட்சியகங்கள் இன்னும் ஒரு படி மேலே போய், அறிவியல் முக்குளிப்புக்கான தரத்தையே தன்னார்வலர்களிடமும் எதிர்பார்க்கின்றன. அமெரிக்க நீரடி அறிவியல் கழகம் வகுத்த நீச்சல் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள்: துடுப்பும் முகத்தில் அணியும் மாஸ்க்கும் இல்லாமல் 400 கஜம், அதாவது சுமார் 366 மீட்டர் தூரத்தை 12 நிமிடத்துக்குள் நீந்த வேண்டும், 25 கஜம் மேலே வராமல் நீருக்கடியில் போக வேண்டும், பத்து நிமிடம் நின்ற இடத்தில் மிதக்க வேண்டும், தன் அளவுள்ள ஒருவரை 25 கஜம் இழுத்துச் செல்ல வேண்டும். துடுப்புக்குப் பழகிய கால்களுக்கு அந்த 400 கஜம் கடுமையாக இருக்கும். நீச்சல் குளத்தில் வாரம் இரண்டு நாள் பழகினால் சில மாதங்களில் கைகூடும்.

இனி வேலை. பெரும்பகுதி துடைப்பதுதான். பாசி, மீண்டும் பாசி. விளக்கொளியும் மீன்கழிவும் இருக்கும் இடத்தில் பாசி நிற்காமல் வளரும். அடுத்தது மணல்தரையை உறிஞ்சுகுழாயால் சுத்தம் செய்வது. மீன்கள் தின்னாமல் விட்ட உணவு மணலுக்குள் அழுகினால் அம்மோனியா உண்டாகும். நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் வேகத்துக்கு மேல் அது பெருகிவிட்டால் துன்பப்படுவது மீன்தான். ஆகவே அந்தக் குழாயைப் பிடிக்கும் அரைமணி நேரமும் உயிர்காக்கும் வேலை என்றே நான் எண்ணுகிறேன்.

என் முதலாண்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கண்ணாடியை விட அக்ரிலிக் மென்மையானது. அதில் எளிதாகக் கீறல் விழும். அன்று நான் சுவரின் அடிப்பகுதியைத் துடைத்துவிட்டு, துணியைச் சற்று நேரம் மணல்மேல் வைத்து, மறுபடி எடுத்துத் துடைத்தேன். துணியின் மடிப்பில் ஒரே ஒரு மணற்பரல் ஒட்டியிருந்திருக்கிறது. கையை வட்டமாகச் சுழற்றச் சுழற்ற, பிறைபோன்ற வெள்ளைக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துகொண்டே இருந்தன. முகத்துக்கு நேரே விழுந்த கோடுகளை நான் பாசியின் தடம் என்று நினைத்தேன். மேலே ஏறி, பார்வையாளர் பக்கம் வந்து நின்றபோதுதான் விளக்கொளியில் அவை பளிச்சென்று தெரிந்தன. அந்தச் சுவரை மெருகேற்ற ஊழியர்கள் பல நாள் உழைக்க வேண்டியிருந்தது. அதுமுதல் தரையில் பட்ட துணியை நான் சுவரில் வைப்பதில்லை. அடிவரிசைக்கு என்று ஒரு துணி, மேலே ஒரு துணி. ஒவ்வொரு பத்துத் துடைப்புக்கும் ஒருமுறை துணியைத் திருப்பி, விரல்நுனியால் தடவிப் பார்க்கிறேன்.

குளிர்நீரோட்டம்

பவளத்திட்டு சொன்னவற்றோடு குளிரைப் பற்றியும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெப்பமண்டலத் தொட்டிகள் 25 பாகை செல்சியஸை ஒட்டி இருக்கும். கடற்பாசிக் காட்டைக் காட்டும் தொட்டிகள் அப்படி இருக்க முடியாது, ஏனெனில் கெல்ப் என்னும் அந்தப் பெரும்பாசி குளிர்ந்த நீரில்தான் வாழும். கலிபோர்னியாவில் 1984-இல் திறக்கப்பட்ட மான்டரே விரிகுடா மீன்காட்சியகத்தில் உள்ள கெல்ப் தொட்டி ஏறத்தாழ எட்டரை மீட்டர் உயரம் கொண்டது. வெயில் நேரே விழும்படி மேற்புறம் திறந்திருக்கிறது, அலைபோல் நீரை அசைக்க ஓர் இயந்திரமும் ஓடுகிறது. அங்கே வருவது பக்கத்து விரிகுடாவின் தண்ணீர். அந்தப் பெருந்தொட்டியில் பல காலமாகத் தன்னார்வலர்களும் இறங்கிவருகிறார்கள்.

நீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலான வேகத்தில் உடற்சூட்டை இழுத்துக்கொள்ளும். கடலில் நீந்திக்கொண்டே இருப்பதால் அது அவ்வளவாகத் தெரிவதில்லை. தொட்டியில் ஒரே இடத்தில் நின்று ஒரு மணி நேரம் துடைக்கும்போது, முதலில் விரல் மரத்துப்போகும், பிறகு கவனம் மங்கும். குளிர்நீர்த் தொட்டிதான் உங்களுக்கு அமையுமானால், உடலை நனையவிடாத உடையான டிரை சூட்டில் பயிற்சி பெற்றுக்கொண்டு போங்கள்.

உடலில் கட்டிக்கொள்ளும் ஈய எடையைப் பற்றியும் ஒரு சொல். நீந்துவதற்குத் தேவையான எடையும் நின்று துடைப்பதற்குத் தேவையான எடையும் ஒன்றல்ல. சுவரை அழுத்தும்போது சுவர் உங்களைத் திருப்பித் தள்ளும் என்பதால் சில கிலோ கூடுதலாகக் கட்டச் சொல்வார்கள். நன்னீர்த் தொட்டியில் இறங்கினால் கணக்கு மறுபடி மாறும். கடல்நீரைவிட நன்னீர் சுமார் 2.5 விழுக்காடு அடர்த்தி குறைந்தது, ஆகவே உடலும் கருவிகளும் சேர்ந்து 100 கிலோ இருக்கும் ஒருவர் இரண்டரை கிலோ ஈயத்தைக் கழற்றிவைக்கலாம்.

நேர்வழி

ஒரு மாற்றுக்கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். மேலே விவரித்த வேலைகள் அனைத்தும் ஆபத்து நிறைந்தவை, திறமை வேண்டுபவை, நாள்தோறும் நடந்தே ஆக வேண்டியவை. அப்படிப்பட்ட வேலையை ஊதியம் கொடுத்துச் செய்விப்பதுதானே முறை? நுழைவுக் கட்டணம் வாங்கும் நிறுவனத்துக்கு நாம் இலவசமாக உழைத்தால், முக்குளிப்பையே தொழிலாகக் கொண்ட ஓர் இளைஞரின் வாய்ப்பை நாம் பறிக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. கரையோரனின் ஆர்வத்தை நான் குறைசொல்லவில்லை. இந்தக் கேள்வியையும் அவர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

பவளத்திட்டு

நேர்வழி, உங்கள் கேள்வி நியாயமானது. அதை நான் ஒதுக்கித்தள்ள மாட்டேன். நான் கண்ட இடத்தில் விலங்குகளுக்குப் பொறுப்பானவர்கள், நோய் பார்ப்பவர்கள், பழுதுபார்ப்பவர்கள், முக்குளிப்புப் பாதுகாப்பு அலுவலர் ஆகிய அனைவரும் ஊதியம் பெறும் ஊழியர்கள். தன்னார்வலர்கள் வாராவிட்டால் அவர்களே இறங்கித் துடைப்பார்கள். விலங்குகளைக் கவனித்துப் பார்க்கும் நேரம் மட்டும் அவர்களுக்குக் குறையும். அந்த ஏற்பாட்டில் நான் தவறு காணவில்லை.

ஆனால் இப்படி இல்லாத இடமும் இருக்கக்கூடும். ஆகவே கரையோரன், நேர்காணலில் நீங்களும் கேள்வி கேளுங்கள். முழுநேரப் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறாரா? நீங்கள் நீருக்குள் இருக்கும்போது மேலே ஒருவர் உங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பாரா? ஆக்சிஜன் பெட்டி எங்கே இருக்கிறது, அவசரகால ஒத்திகை எப்போது கடைசியாக நடந்தது? நீரை இழுக்கும் குழாய்வாய் அருகே வேலை இருந்தால் பம்பை நிறுத்தி, யாரும் மீண்டும் போட்டுவிடாதபடி பூட்டுவார்களா? அந்த இழுப்பின் விசையில் கையோ காற்றுக்குழாயோ சிக்கினால் எவ்வளவு வலிமையுள்ளவரும் மீள முடியாது. இந்தக் கேள்விகளுக்குத் தயங்காமல் விடை வராத இடத்தில் சேராதீர்கள்.

செவ்விதழ்

நான் மருத்துவத் துறையில் பணிபுரிகிறேன். நான்கு ஆண்டுகள் தொட்டியிலும் இறங்கியிருக்கிறேன். "ஆறு மீட்டர் ஆழம்தானே" என்ற எண்ணம் வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

அவ்வளவு குறைந்த ஆழத்தில் நைட்ரஜன் தேங்கி நோய் வரும் அச்சம் மிகக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் அழுத்தம் மிக வேகமாக மாறுவது நீர்மட்டத்துக்கு அருகில்தான். 30 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு ஏறும்போது அழுத்தம் நான்கிலிருந்து மூன்று வளிமண்டலமாகக் குறைய, நுரையீரலில் உள்ள காற்று மூன்றில் ஒரு பங்குதான் விரிகிறது. ஆறு மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வரும்போதோ அது 1.6 மடங்காகிறது. மூச்சை நிறைத்துப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மீட்டர் ஏறினாலே நுரையீரல் கிழியக்கூடும். தொட்டியில் ஒரே நாளில் பலமுறை மேலே வந்து கருவியை மாற்றிக்கொண்டு மறுபடி இறங்குவீர்கள். ஒவ்வொரு முறையும் காது அழுத்தத்தைச் சமன்செய்ய வேண்டும். சளி இருக்கும் நாளில் "குழுவுக்கு ஆள் குறையுமே" என்று நினைத்து இறங்காதீர்கள். நான் அப்படி ஒருமுறை இறங்கி, செவிப்பறையில் இரத்தம் கட்டி, ஆறு வாரம் வெளியே உட்கார்ந்திருந்தேன்.

அடுத்து, கையில் இருக்கும் சிறு வெட்டுகள். மீன்தொட்டி நீரில் மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற நுண்ணுயிர் இருக்கக்கூடும். தோலில் உள்ள கீறல் வழியே நுழைந்து, சில வாரங்கள் கழித்து விரலிலோ கைமுட்டியிலோ வலியில்லாத சிறு முடிச்சாகத் தோன்றும். உடற்சூட்டைவிடக் குறைந்த சூட்டில் நன்றாக வளர்வதால்தான் அது கைகால்களின் நுனியைத் தேடிப் பிடிக்கிறது. மாதக்கணக்கில் மருந்து உட்கொள்ள வேண்டிய நோய் இது. மருத்துவரிடம் போகும்போது மீன்தொட்டியில் வேலை செய்வதை நீங்களாகவே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர் வேறு எதையோ தேடிக்கொண்டிருப்பார்.

வயது தடையல்ல. 45 வயதைக் கடந்தவர்களிடம் இதயத்தைப் பற்றிக் கூடுதலாகக் கேட்பார்கள். உண்மையை மறைக்காமல் எழுதுங்கள். ஆஸ்துமா இருந்தால் தனியாக மதிப்பீடு செய்வார்கள்.

கரையோரன்

இவ்வளவு பொறுமையாக எழுதியவர்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. ரெஸ்க்யூ படிப்புக்குப் பதிவு செய்துவிட்டேன். விலங்குகளைப் பற்றியும் கேட்க வேண்டும். சுறாக்களோடு ஒரே தொட்டியில் வேலை செய்வதற்கு என்ன பயிற்சி தருகிறார்கள்? உண்மையில் எதற்கு அஞ்ச வேண்டும்?

திருக்கைவால்

இதற்கு நான் விடை சொல்கிறேன், சுறாத் தொட்டியில் ஏழு ஆண்டுகள் வேலை செய்திருப்பதால்.

பெரிய காட்சியகங்களில் நீங்கள் அதிகம் காணக்கூடியது மணற்புலிச் சுறா. வாய்மூடினாலும் வெளியே தெரியும் பற்களால் அதைக் கண்டால் அச்சம் வரும். இயல்பில் அது அமைதியானது. மேற்பரப்புக்கு வந்து காற்றை விழுங்கி வயிற்றில் வைத்துக்கொண்டு, அசையாமல் நடுநீரில் தொங்குவது போல் நிற்கும். அதற்கு வழிவிடுவதுதான் பயிற்சியின் சாரம். அது வரும் பாதையில் நிற்காமல், சுவரோடு ஒட்டியபடி, அதன் போக்குக்குக் குறுக்கே கையை நீட்டாமல் இருந்தால் போதும். உணவூட்டும் நேரத்தில் குச்சியின் நுனியில் மீனை வைத்து, ஒவ்வொரு சுறாவும் தனக்குப் பழக்கமான அடையாளத்தை நோக்கி வரும்படி பழக்கியிருப்பார்கள். அந்த வேலையைப் புதியவர்களிடம் தரமாட்டார்கள்.

கடிபட்டவர்களைக் கேட்டால் பெரும்பாலும் சிறு மீன்களின் பெயரைத்தான் சொல்வார்கள். முட்டையிட்டுக் காவல் காக்கும் கிளாத்தி மீன் தன் எல்லைக்குள் வந்த எவரையும் துரத்திக் கடிக்கும். விரலளவே உள்ள டாம்சல் மீன் காதுமடலைக் குறிவைக்கும். விலாங்கு போன்ற மோரேக்குக் கண் கூர்மை குறைவு, மோப்பம் அதிகம். மீனை நறுக்கிய கையைக் கழுவாமல் அதன் பொந்துக்கு அருகே வைத்தால், கைக்கும் மீனுக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது.

ஆமைகள் தனி இனம். பாஸ்டனில் உள்ள நியூ இங்கிலாந்து மீன்காட்சியகத்துக்கு 1970-இல் வந்த மிர்ட்டில் என்ற பச்சை ஆமையை இத்துறையில் அறியாதவர் குறைவு. 225 கிலோவுக்கு மேல் எடையுள்ள அது, ஓட்டைச் சொறிந்துவிடச் சொல்லி முக்குளிப்பவர்களை நெருங்கி வருவதற்குப் பெயர்பெற்றது. ஆமையோட்டுக்கு உணர்ச்சி உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. எங்கள் ஆமையும் அப்படித்தான்: நான் குனிந்து மணலை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது, பின்னாலிருந்து வந்து என் சிலிண்டரின் மேல் தன் தாடையை வைத்துக்கொள்ளும். முதல்முறை திடுக்கிட்டேன். இப்போது அந்தப் பாரம் வந்து இறங்கும்வரை வேலை தொடங்கியதாகவே எனக்குத் தோன்றுவதில்லை. ஆனாலும் ஊழியர்கள் அனுமதித்தால் ஒழிய எந்த விலங்கையும் நாமாகத் தொடக்கூடாது. திருக்கையின் உடலைப் பூசியிருக்கும் வழவழப்பு நம் கையால் அழிந்தால் அங்கே நோய் தொற்றும்.

இரண்டாம்முறை

முதல் முயற்சியில் தேர்வாகாதவன் என்ற முறையில் நானும் எழுதுகிறேன். நேர்காணலில் "சுறாக்களோடு நீந்துவது என் கனவு" என்று சொன்னேன். அவர்கள் புன்னகைத்தார்கள், பிறகு கடிதம் வரவில்லை. அடுத்த ஆண்டு விண்ணப்பித்தபோது, முக்குளிப்புக்கு இடம் கிடைக்கும்வரை உணவுக்கூடத்தில் வேலை செய்ய ஆயத்தமாக இருக்கிறேன் என்று எழுதினேன். ஒன்பது மாதம் அங்கேதான் இருந்தேன். உறைந்த மீனைக் குளிர்ந்த இடத்தில் மெதுவாக உருகவைப்பது, கணவாயைச் சுத்தம் செய்து விலங்குக்கு ஏற்ற அளவில் நறுக்குவது, செவுளுக்குள் வைட்டமின் மாத்திரையைச் செருகுவது, வாளிகளைக் கழுவுவது. அந்த மாத்திரையில் தயமின் இருக்கும். சில மீன்களின் உடலிலுள்ள நொதி, சேமித்து வைக்கும் காலத்தில் அந்த வைட்டமினைச் சிதைத்துவிடுவதால் அதைத் தனியாகக் கொடுத்தாக வேண்டும்.

அந்த ஒன்பது மாதத்தை வீணான காலமாக நான் நினைக்கவில்லை. எந்த மீன் நேற்று உண்ணவில்லை என்பது உணவுக்கூடத்தில்தான் முதலில் தெரியும். பின்னர் தொட்டிக்குள் இறங்கியபோது, ஒரு மீன் மூலையில் ஒதுங்கி நின்றால் அது வழக்கமா நோயா என்று பிரித்தறிய அதுவே உதவியது.

இன்னொன்று. நாளைத் தவறவிடாதீர்கள். குறிப்பிட்ட ஒரு கிழமையில், வாரம் ஒருமுறையோ இரு வாரத்துக்கு ஒருமுறையோ, குறைந்தது ஓராண்டுக்கு வருவேன் என்று உறுதி கேட்பார்கள். இணைந்து இறங்க ஆள் இல்லையென்றால் உங்கள் இணையும் இறங்க முடியாது, அன்றைய சுவர் துடைக்கப்படாமலே நிற்கும்.

கரையோரன்

எட்டு மாதத்துக்குப் பின் எழுதுகிறேன்; தாமதத்தைப் பொறுத்தருளுங்கள். ரெஸ்க்யூ முடிந்தது. 400 கஜத்தை முதலில் 15 நிமிடத்தில்தான் நீந்தினேன். தேர்வு நாளில் 11 நிமிடம் 20 நொடியில் முடித்தேன். நேர்காணலில் பவளத்திட்டு எழுதிய கேள்விகளை அப்படியே கேட்டேன். பாதுகாப்பு அலுவலர் என்னை அழைத்துப்போய் ஆக்சிஜன் பெட்டியைத் திறந்து காட்டி, பம்பின் பூட்டையும் என் கையில் கொடுத்தார். இப்போது நான்கு மாதமாக உணவுக்கூடத்தில் இருக்கிறேன். வரும் வாரம் முதல் முறையாகத் தொட்டியில் இறங்குகிறேன்.

கண்ணாடி பற்றிய ஐயம் மட்டும் மிச்சமிருக்கிறது. பவர் லென்ஸ் பொருத்திய மாஸ்க் செய்துகொண்டால் போதுமா, அல்லது கான்டாக்ட் லென்ஸோடு இறங்கலாமா?

செவ்விதழ்

மகிழ்ச்சியான செய்தி. பவர் லென்ஸ் பொருத்திய மாஸ்க்கே நல்லது. கான்டாக்ட் லென்ஸுக்கும் கண்ணுக்கும் இடையே தொட்டி நீர் தங்கினால் கண்ணில் தொற்று வரக்கூடும், மாஸ்க் கழன்றால் லென்ஸும் போய்விடும். மாஸ்க் அணிந்தால் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்பதற்காகப் பவரைக் குறைத்து வாங்காதீர்கள். அழுத்தக் காட்டியின் சிறு எண்களைத் தெளிவாகப் படித்தாக வேண்டும். அதே பவரில் இன்னொரு மாஸ்க்கை மேலே நிற்பவரிடம் கொடுத்து வையுங்கள்.

பவளத்திட்டு

முதல் நாளில் கையில் இரண்டு துணி எடுத்துக்கொள்ளுங்கள், கரையோரன். வெவ்வேறு நிறத்தில்.